துறைமுகம் இல்லாத கரையில் ஒரு சொல்

தாம்பரம் சண்முகம் சாலையில் எந்த மளிகைக் கடையிலும் ‘சர்ஃப்’ என்று கேட்டால் துணி துவைக்கும் தூள்தான் கைக்கு வரும். 1959இல் அந்தப் பெயரோடு ஒரு சலவைத்தூள் இந்தியச் சந்தைக்கு வந்தது. அதன்பிறகு எந்த நிறுவனத்தின் தூளும் நம் வீடுகளில் சர்ஃப்தான். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் கரையில் வந்து உடைந்து நுரைக்கும் அலை என்று பொருள். பலகையில் நின்று அலை மேல் வழுக்கிப் போகும் விளையாட்டும் சர்ஃபிங். ரிமோட்டை அழுத்தி அலைவரிசை மாற்றுவதும் சர்ஃபிங். 1992இல் ஜீன் ஆர்மர் பாலி என்ற அமெரிக்க நூலகர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பால் பரவிய பிறகு இணையத்தில் உலவுவதும் சர்ஃபிங். இத்தனை வேலை பார்க்கும் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினால், பயணம் நம் பக்கத்துக் கடற்கரைக்கே வந்து சேர்கிறது.

கடல், கரை, ஏற்றம், வற்றம் இவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் மிகப் பழையவை. சர்ஃப் அப்படியல்ல. 1590களில் ‘சஃப்’ என்ற வடிவில் முதன்முதலாக எழுத்தில் தென்படுகிறது. 1680களில்தான் இடையில் ஒரு ரகரம் சேர்ந்து ‘சர்ஃப்’ ஆகிறது. இந்தத் தொடக்ககாலப் பதிவுகள் இந்தியக் கடற்கரையைப் பற்றியவை என்பதை ஆங்கில அகராதிக்காரர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். அதனால் இது ஏதோ ஓர் இந்திய மொழிச் சொல்லாக இருக்கலாம் என்று ஒரு கட்சி. இரைச்சலைக் குறிக்கும் ‘சஃப்’ என்ற ஒலிப்புள்ள பழைய ஆங்கிலச் சொல்தான் உருமாறியது என்று இன்னொரு கட்சி. அகராதிகள் ‘மூலம் உறுதியில்லை’ என்று எழுதி நிறுத்திக்கொள்கின்றன.

நம் ஊரில் வேர்ச்சொல் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ‘சுருள்’ என்பதுதான் சர்ஃப் ஆனது என்று நாளைக்கே யாராவது கிளம்பலாம். ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது; எந்தக் காலத்தில், எந்தத் துறையில், யார் வாயிலிருந்து யார் காதுக்குப் போனது என்று காட்ட வேண்டும். கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆனதற்கு அப்படிக் காட்ட முடியும்: ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் வருகிறது. சர்ஃபுக்கு அந்த மாதிரிப் பத்திரம் கிடைக்கவில்லை. ஆகவே சொல்லின் பிறப்பை விட்டுவிடலாம். எனக்குச் சுவையாகப் படும் கேள்வி வேறு. தீவில் பிறந்து கடலிலேயே வளர்ந்த ஒரு கூட்டத்துக்கு, கரையில் உடையும் அலையைத் தனியாகப் பெயர் சொல்லி அழைக்கும் தேவை நம் கரையைப் பற்றிப் பேசும்போது ஏன் வந்தது?

இங்கிலாந்தின் பெரிய துறைமுகங்கள் ஆற்றுவாய்களில் இருக்கின்றன. அங்கே கடல் ஏற்றமும் வற்றமும் பல மீட்டர் உயரத்துக்கு நடக்கும். பிரிஸ்டல் கால்வாயில் சில நாட்களில் 14 மீட்டர்கூட வரும். ஏற்றத்தில் நீரோடு கப்பலும் ஆற்றுக்குள் போய்விடும். உடையும் அலை வழியாக எவரும் சரக்கு இறக்க வேண்டியதில்லை. சென்னையிலோ ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கூவமும் அடையாறும் ஆண்டின் பெரும்பகுதி தூங்கும் ஆறுகள். அவை தூங்கும்போது அலை மணலைக் கொண்டுவந்து அவற்றின் வாயை மூடுகிறது. மூடிய வாயை உடைக்க ஒரு மீட்டர் ஏற்றத்துக்குத் தெம்பு போதாது. 1639இல் பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் பிடித்தபோது, கோட்டை கட்ட மணல் இருந்தது, கப்பல் நுழைய வாசல் இல்லை. அந்த வாசலை அடைத்ததும் சர்ஃப், வாசல் இல்லாததால் தினமும் கடக்க வேண்டியிருந்ததும் சர்ஃப். ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் மதராசின் துணி மூட்டை, வெள்ளிப் பெட்டி, கவர்னர், கடிதம் எல்லாமே அந்த வெள்ளை நுரைப் பட்டையைத் தாண்டித்தான் போய்வந்தன.

தமிழில் இந்தப் பட்டைக்கு நல்ல சொல் இருக்கிறது: அலைவாய். திருச்செந்தூரின் பழம்பெயரான சீரலைவாயில் இருப்பது இதுதான். தென்கோடி மீனவ ஊர்களில் அலைவாய்க்கரை என்று இன்றும் சொல்வார்கள். இந்த அத்தியாயத்தில் இனி அந்தச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்.

கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஐரோப்பியக் கப்பலின் சிறு படகை இறக்கி அலைவாய்க்குள் ஓட்டினால், தரையில் மோதிய வேகத்தில் ஆணியடித்த பலகைகள் பிளந்துவிடும். இந்தக் கரைக்காரர்களிடம் இருந்த படகு வேறு இனம். ஆங்கிலேயர் அதை மசூலா என்றார்கள், தமிழில் சலங்கு. அதில் ஆணி கிடையாது, உள்ளே விலாச்சட்டமும் கிடையாது. மெல்லிய பலகைகளைக் கயிற்றால் தைத்து, தையல் இடுக்கில் நாரை வைத்து இறுக்குவார்கள். அலை தூக்கிப் போட்டால் படகின் உடம்பே வளைந்து அடியை வாங்கிக்கொள்ளும். கொஞ்சம் தண்ணீர் கசியும். இறைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். விறைப்பான பொருள் அடியின் விசையை ஒரே இடத்தில் ஒரே கணத்தில் வாங்கும். வளையும் பொருள் அதை நேரத்திலும் பரப்பிலும் விரித்துவிடும். இன்று கார்களின் முன்பக்கத்தை நசுங்கும்படி வடிவமைப்பதும் இதே கணக்கில்தான்.

சலங்குக்குத் துணையாகக் கட்டுமரங்கள் போகும். கட்டுமரத்துக்கு மூழ்க வழியே இல்லை. பக்கச்சுவர் இருந்தால்தானே நீர் நிரம்பும்? அலை மேலே விழுந்தால் மர இடுக்குகள் வழியே வடிந்துவிடும். ஆள் தூக்கி எறியப்பட்டாலும் நீந்தி வந்து மறுபடி ஏறிக்கொள்வார். படகு கவிழ்ந்து பயணிகள் விழுந்தால் எடுத்துக் காப்பாற்றுவது கட்டுமரக்காரர்களின் வேலை; அதற்குப் பதக்கமும் கிடைத்தது. சலங்கே இறங்க முடியாத நாளில், கடற்கரை அலுவலகத்தில் எச்சரிக்கைக் கொடி ஏறிய பிறகும், கட்டுமரம் மட்டும் கடிதங்களோடு கப்பலுக்குப் போகும். ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொள்வார்கள். ஒரு சின்ன வேடிக்கை: நேத்தனியல் ஹெரஷாஃப் 1876இல் அமெரிக்காவில் கட்டிய அமரில்லிஸ் போன்ற இரட்டை உடல் படகுகளுக்குக் கேட்டமரான் என்று பெயர் நிலைத்துவிட்டது. அந்த வடிவம் பசிபிக் தீவுக்காரர்களுடையது. பெயர் மட்டும் நம்முடையது.

சலங்கை நடத்தும் தண்டல் அலைவாய்க்கு வெளியே வந்ததும் உடனே பாய மாட்டார். துடுப்புகளை நிறுத்திவிட்டுப் பின்னால் வரும் அலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய அலைகள் நாலைந்து வரிசையாகப் போன பிறகு ஒரு தணிவு வரும். அப்போதுதான் கூச்சல், அப்போதுதான் துடுப்பு. இன்றைக்கு நீலாங்கரையிலோ கானத்தூரிலோ ஃபைபர் படகைக் கரையேற்றுகிறவர்களும் இப்படித்தான் காத்திருக்கிறார்கள். ஏன் அலைகள் இப்படிக் கூட்டம் கூட்டமாக வருகின்றன?

அலை தண்ணீரைச் சுமந்து வருவதில்லை. ஆற்றலைச் சுமந்து வருகிறது. நடுக்கடலில் ஒரு மிதவையைப் பார்த்தால் அது ஏறி, முன்னே போய், இறங்கி, பின்னே வந்து ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கும். எங்கோ ஒரு புயல் கடலைக் கலக்கும்போது பலவித நீளமுள்ள அலைகள் கிளம்புகின்றன. ஆழ்கடலில் நீளமானது வேகமாக ஓடும், குட்டையானது பின்தங்கும். பத்து விநாடிக்கு ஒருமுறை வரும் அலையின் நீளம் சுமார் 156 மீட்டர். அதன் முகடு மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் அலைக்கூட்டம் அதில் பாதி வேகத்தில்தான் நகரும். கிட்டத்தட்ட ஒரே நீளமுள்ள அலைகள் ஒன்றோடொன்று கலக்கும்போது சில இடங்களில் முகடும் முகடும் சேர்ந்து உயரும். சில இடங்களில் முகடும் பள்ளமும் சேர்ந்து அடங்கும். தண்டல் எதிர்பார்த்து நின்றது இந்த அடங்கிய இடத்தைத்தான்.

தெற்குப் பெருங்கடலில் 50 பாகை அட்சரேகைப் பக்கம் எழும் புயலின் நீள அலைகள், 16 விநாடி இடைவெளி உள்ளவை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் நகரும். 13 பாகை வடக்கில் இருக்கும் நம் கரைக்கு ஏழாயிரம் கிலோமீட்டர். ஆறேழு நாளில் வந்துவிடும். இலங்கை குறுக்கே கிடப்பதால் தென்மேற்கிலிருந்து நேராக வருவது நமக்குத் தடைபடுகிறது. சுற்றி வருவதும் தென்கிழக்கிலிருந்து வருவதும் கிடைக்கிறது. வானம் தெளிவாக, காற்றே இல்லாத நாளில் திடீரென்று கடல் ஏறிவருவதன் ரகசியம் இது. கேரளக் கரையில் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். அந்தச் சொல் இப்போது வானிலை அறிவிப்புகளிலேயே வருகிறது. 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப்போனது இப்படியொரு எச்சரிக்கை அமலில் இருந்தபோதுதான்.

கரை நெருங்கும்போது, கடலின் ஆழம் அலை நீளத்தில் பாதிக்கும் கீழே போனதும் அலைக்குத் தரை ‘தெரிய’ ஆரம்பிக்கும். வேகம் குறையும், நீளம் சுருங்கும், உயரம் கூடும். உயரம் அந்த இடத்து ஆழத்தில் முக்கால் பங்கைத் தாண்டும்போது முகடு முந்திக்கொண்டு சரிகிறது. ஒரு மீட்டர் அலை ஏறத்தாழ 1.3 மீட்டர் ஆழத்தில் உடையும். தரை மெல்லச் சரிந்தால் அலை நுரை வழிந்தபடி நிதானமாகச் சாகும். சட்டென்று சரிந்தால் சுருண்டு குப்புற விழும். நம் கிழக்குக் கரை பெரும்பாலும் இரண்டாவது வகை. கடல் ஏற்றம் குறைவு என்பதால் நாள் முழுவதும் ஏறக்குறைய அதே குறுகிய பட்டையிலேயே அடி விழுகிறது.

தண்டலின் கேள்வியை இருபதாம் நூற்றாண்டில் ராணுவங்கள் கேட்டன: எந்த நாளில் படகைக் கரையில் இறக்கலாம்? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தில் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப்பும் இளைஞர் வால்டர் மங்கும் காற்றின் வேகத்திலிருந்து கரையலையின் உயரத்தைக் கணக்கிடும் முறையை உருவாக்கினார்கள். 1944 நார்மண்டி தரையிறக்கத்துக்கான முன்கணிப்பில் அது பயன்பட்டது. இன்றும் எல்லா அறிக்கையிலும் வரும் ‘குறிப்பிடத்தக்க அலை உயரம்’ என்ற அளவு அப்போது பிறந்தது. அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. ஒரு படகோட்டியிடம் ‘அலை எவ்வளவு?’ என்று கேட்டால் அவர் கண் போடும் கணக்கும் ஏறக்குறைய இதுவே. 1963இல் மங்கின் குழு நியூசிலாந்திலிருந்து அலாஸ்கா வரை கருவிகளை வைத்து, அண்டார்டிகாப் பக்கத்துப் புயல் அலைகள் பசிபிக் முழுவதையும் கடந்து வருவதைப் பின்தொடர்ந்து அளந்து காட்டியது.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் பெயர்ப்பலகையைத் தினமும் கடக்கிறார்கள். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கடலுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். 1993இல் தொடங்கிய இந்த நிறுவனம் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நங்கூரமிட்ட மிதவைகளைப் பராமரிக்கிறது. அவை காற்று, அலை, நீரின் வெப்பம் எல்லாவற்றையும் அளந்து செயற்கைக்கோள் வழியாக அனுப்புகின்றன. மீனவர்களுக்குப் போகும் அலை எச்சரிக்கையை ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் மையம் தருகிறது.

அலைவாயைத் தொல்லையாகப் பார்க்காத ஊர்களும் உலகில் உண்டு. 1779இல் ஆங்கிலேயக் கடலோடி குக்கின் மாலுமிகள் ஹவாய்த் தீவில் பலகை மேல் படுத்து அலையோடு பறந்துவரும் மக்களைக் கண்டு திகைத்துப்போய் எழுதினார்கள். ஹவாய் மொழியில் அதற்குச் சொந்தப் பெயர் இருந்தது. ஆங்கிலேயர் தங்கள் கையிலிருந்த சொல்லை ஒட்டினார்கள். சர்ஃப் பலகை என்ற கூட்டுச்சொல் 1826இல் வருகிறது. அந்த விளையாட்டு சுற்றிச்சுற்றி இப்போது கோவளத்துக்கு வந்திருக்கிறது. ஊர் மீனவரான மூர்த்தி மேகவன் தானாகக் கற்று, ஊர்ப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து, அங்கே ஒரு பள்ளியை உருவாக்கினார். 2013இல் முதல் அலைச்சறுக்கு விழா நடந்தது. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தபோது கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். கோவளத்தில் துருத்திக்கொண்டிருக்கும் முனையில் அலை வளைந்து திரும்புவதால் ஒரே நேரத்தில் முழுதாகச் சரியாமல், ஒரு முனையில் தொடங்கிப் பக்கவாட்டில் உரிந்துகொண்டே போகிறது. சறுக்குவோருக்கு வேண்டியது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்குப் போகும் தாம்பரத்துக் குடும்பங்களுக்கு இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உடைந்த அலைகள் கரைக்குத் தள்ளிய தண்ணீர் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும். மணல்திட்டுகளுக்கு இடையில் ஆழமான சந்து கிடைத்தால் அதன் வழியே வேகமாக வெளியேறும். ‘கடல் இழுக்குது’ என்று சொல்வது இதைத்தான். அந்தச் சந்தில் அலை உடைவது குறைவு. ஆகவே பார்வைக்கு மிகச் சாதுவான இடமாகத் தெரியும், குளிக்கிறவர்களும் அங்கேயே இறங்குவார்கள். இழுப்பு கடுமையான நாளில் ஒலிம்பிக் வீரரால்கூட அதை எதிர்த்து நீந்த முடியாது. அது ஆளைக் கீழே அமுக்காது, வெளியே கொண்டுபோகும். சந்தின் அகலமும் அதிகமில்லை. எதிர்க்காமல் மிதந்து, கரைக்கு இணையாக நகர்ந்து, அலை உடையும் இடம் வழியாகத் திரும்புவதே வழி. நீந்தத் தெரியாதவர்கள் முழங்காலுக்கு மேல் இறங்காமல் இருப்பது அதைவிட நல்ல வழி.

இனி மணல். அலை கரையைச் சாய்வாகத் தாக்கும்போது மணலைக் கரையோரமாக நகர்த்துகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் வடக்கு நோக்கி, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கி. முன்னது நீண்ட காலம் என்பதால் ஆண்டுக் கணக்கில் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கே போகிறது. 1875இல் மதராஸ் துறைமுக வேலை தொடங்கி, கடலுக்குள் கற்சுவர்கள் நீண்டபோது இந்த மணல் தெற்குச் சுவரில் முட்டி நின்றது. 1881 நவம்பர் புயல் ஏறக்குறைய முடிந்திருந்த சுவர்களை நொறுக்கியது, மறுபடி கட்டினார்கள். தெற்கே தேங்கிய மணல்தான் நாம் காற்று வாங்கும் மெரினாவின் அகலம். வடக்கே வர வேண்டிய மணல் வராததால் ராயபுரம், காசிமேடு கரைகளைக் கடல் தின்றது. இன்று அங்கே பாறாங்கல் கொட்டி நிறுத்தியிருக்கிறார்கள். வடசென்னை மீனவர்கள் இழந்த தெருக்கள் மெரினாவின் கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை.

தாம்பரத்துக்கும் கடலுக்கும் இடையில் பதினைந்து கிலோமீட்டருக்குமேல் இருக்கிறது. ஆனால் தாம்பரத்தின் மழைநீர் போகும் இரண்டு வழிகளும் அலைவாயில்தான் முடிகின்றன. மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து வெள்ளம் அடையாற்றில் சேர்ந்து, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலுக்குப் போக வேண்டும். கிழக்கே சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலைத் தொட வேண்டும். இரண்டு வாயிலும் அலை மணல்திட்டு போட்டு வைத்திருக்கும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது. அந்த அளவு மழைக்கு வாய் அகலமாகத் திறந்திருந்தாலும் ஊர் மூழ்கியிருக்கும். சாதாரண ஆண்டின் ஐப்பசி மழைக்கோ, திட்டின் உயரம் பெரிய விஷயம்; வாய் மூடியிருந்தால் பின்னால் தேங்கும் ஒவ்வொரு அடி நீரும் கால்வாய் வழியே மேலே ஏறிவரும்.

அதனால் பருவமழைக்கு முன் நீர்வளத்துறை பொக்லைன் வைத்துத் திட்டை வெட்டிவிடுகிறது. வெள்ளம் ஓடும் வரை வாய் திறந்திருக்கும். ஓட்டம் குறைந்ததும் அலை மறுபடி மணல் போட ஆரம்பிக்கும்; சில மாதங்களில் பழைய கதை. ஆண்டுதோறும் வெட்டும் இந்தச் செலவுக்கு மாற்றாக, முகத்துவாரத்தின் இருபுறமும் கடலுக்குள் கற்சுவர் நீட்டி நிரந்தரமாகத் திறந்து வைக்கலாம் என்பது பொறியாளர்களின் வழக்கமான யோசனை. வெள்ளக் கணக்கு அதில் நேராகும். மணல் கணக்கு? தெற்கிலிருந்து வரும் மணல் முதல் சுவரில் நிற்கும். அங்கே சின்னதாக ஒரு மெரினா விரியும். முட்டுக்காட்டில் சுவர் வந்தால், அதற்கு வடக்கே மணலுக்குக் காத்திருக்கும் கரைகள் கானத்தூர், உத்தண்டி, பனையூர். அங்கே இன்னும் குப்பங்கள் இருக்கின்றன, மணலில் படகும் வலையும் கிடக்கின்றன.